உங்களுக்குத் தெரியுமா? டால்பின் வாழும் ஏரியும் வாய் திறக்கும் மணல்திட்டும்

ஒடிசாவின் புரியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சாத்தபடா. சிலிகா ஏரியின் படகுத்துறை அது. காலையில் புரியில் கிளம்பினால் டால்பின் பார்த்து, ஏரியும் கடலும் சந்திக்கும் மணல்திட்டில் இறங்கி நடந்து, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். நண்பர்கள் சேர்ந்து போக இதைவிட நல்ல ஒரு நாள் பயணம் நம் கிழக்குக் கடற்கரையில் அரிது. நாங்கள் போவதற்கு முன் படித்தவை, படகில் கேட்டவை, திரும்பிய பின் தேடித் தெரிந்துகொண்டவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வாரத் தொகுப்பு.

சென்னையைப் போல இரண்டு மடங்கு

சிலிகா ஆசியாவிலேயே மிகப் பெரிய உவர்நீர் ஏரி. கோடையில் அதன் பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். புரி, குர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்கள் இதன் கரையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஏரியை நம்பி மீன்பிடித்து வாழ்கிறவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர்.

இவ்வளவு பெரிய ஏரி, ஆனால்…

ஆழம் கிடையாது. பல இடங்களில் ஓர் ஆள் உயரம்கூடத் தேறாது. எங்கள் படகுக்காரர் நடு ஏரியில் மூங்கில் கழியை ஊன்றிக் காட்டினார். பாதிக் கழி நனைவதற்குள் தரை தட்டிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டால்பின் பார்க்கும்போது நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பெயரில் பர்மா, பிறப்புச் சான்றிதழில் விசாகப்பட்டினம்

சிலிகாவில் இருப்பவை ஐராவதி டால்பின்கள். பெயரைக் கேட்டால் மியான்மரின் ஐராவதி ஆற்றுக்குச் சொந்தமானது என்றுதான் தோன்றும். ஆனால் அறிவியல் உலகம் இந்த இனத்தை முதலில் அறிந்துகொண்டது நம் வங்கக் கரையிலிருந்துதான். 1852ல் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த ஓர் உடலை வைத்து, 1866ல் சர் ரிச்சர்ட் ஓவன் இந்த இனத்தை விவரித்து எழுதினார். 'டைனோசர்' என்ற பெயரை உலகுக்குக் கொடுத்தவரும் இதே ஓவன்தான்.

இது தேசிய விலங்கு அல்ல

2009ல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது கங்கை ஆற்று டால்பின். அதற்கு நீண்ட மூக்கு உண்டு, கண்பார்வை ஏறக்குறைய இல்லை. சிலிகாவில் இருப்பது வேறு இனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் சுற்றுலாப் பதிவுகள் ஏராளம். இரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

மூக்கு இல்லாத டால்பின்

சினிமாவிலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பழகிய டால்பினை எதிர்பார்த்துப் போனால் முதலில் அடையாளமே தெரியாது. அலகு போன்ற நீண்ட வாய் இதற்கு இல்லை. நெற்றி உருண்டு முன்னால் தள்ளியிருக்கும். முதுகுத் துடுப்பு சின்னது, மழுங்கியது, உடம்பின் நடுவைத் தாண்டிப் பின்பக்கமாக இருக்கும். நிறம் சாம்பல், வயிற்றுப் பக்கம் வெளிறியிருக்கும். முழு வளர்ச்சியில் இரண்டு மீட்டரிலிருந்து இரண்டே முக்கால் மீட்டர் வரை நீளம்.

இன்னொன்று: இதற்குக் கழுத்து உண்டு. பெரும்பாலான டால்பின்களுக்குக் கழுத்து எலும்புகள் பல ஒன்றோடொன்று இணைந்து இறுகியிருப்பதால் தலையைத் தனியாகத் திருப்ப முடியாது. ஐராவதி டால்பின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். அது திரும்பும்போது தலைக்குப் பின்னால் தோலில் ஒரு மடிப்பு விழுவதை அருகில் வந்தால் பார்க்கலாம்.

குதிக்கும் என்று காத்திருக்காதீர்கள்

வானத்தில் வளைந்து பாயும் காட்சி இங்கே மிகவும் அபூர்வம். நெற்றி தெரியும், முதுகு தெரியும், சின்னத் துடுப்பு தெரியும், மறுபடி தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அடுத்த மூச்சுக்காக மேலே வரும். முதலில் முளைத்த இடத்திலேயே மறுபடி முளைக்காது என்பதால் கேமராவைத் தூக்கி ஓரிடத்தைக் குறிவைத்தவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். எங்கள் குழுவில் ஒருவன் இருபுறமும் கேமராவைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போய், "மச்சான், கண்ணால பாருங்கடா, போதும்" என்று கேமராவை மூடிவிட்டான். அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும் ஒழுங்காகப் பார்த்தோம்.

கண்ணுக்கு முன்னால் காதுதான் உதவுகிறது. இன்ஜின் நின்றபின் ஏரி அமைதியாகிவிடும். அப்போது எங்கோ பக்கத்தில் 'ப்ஹூ' என்று ஒரு மூச்சு. தலை உச்சியில் இருக்கும் ஒற்றை மூச்சுத்துளை திறந்து நுரையீரல் காற்றை வெளியே தள்ளும் சத்தம் அது. அந்தத் திசையில் திரும்பினால், முதுகு வழுக்கிக்கொண்டு இறங்குவது தெரியும். ஒரு தாயும் பக்கத்திலேயே குட்டியும் அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன. தாய் மூச்சுவிட்ட மறுநொடி குட்டியின் மூச்சு, அதைவிடச் சன்னமாக.

பதினான்கு மாதம்

ஐராவதி டால்பின் குட்டியைச் சுமக்கும் காலம் ஏறத்தாழ 14 மாதங்கள். ஒரு பேற்றுக்கு ஒரே குட்டி. பிறக்கும்போதே சுமார் ஒரு மீட்டர் நீளம். இரண்டு வயது வரை பால் குடிக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் ஓர் இனத்தில் ஒரு வளர்ந்த பெண் டால்பின் வலையில் சிக்கிச் சாவது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாடையால் கேட்கும், பாதி மூளையால் தூங்கும்

டால்பினின் உருண்ட நெற்றியில் இருப்பது மூளை அல்ல, கொழுப்பு. அது எழுப்பும் நுண்ணிய 'டிக் டிக்' ஒலிகளை ஒருமுகப்படுத்தி முன்னே அனுப்புவது அந்தக் கொழுப்புதான். எதிரே மீனிலோ மரத்திலோ பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கி உட்காதுக்குக் கொண்டுபோகிறது. சிலிகாவின் தண்ணீர் கலங்கல் என்பதால் இங்கே கண்ணைவிட இந்த ஒலிதான் அதற்கு வழிகாட்டி.

தூக்கம்? டால்பின் மூச்சு விடுவது நம்மைப் போலத் தானாக நடப்பதல்ல. நினைத்து மேலே வந்து நினைத்து விட வேண்டும். அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறு பாதி விழித்திருக்கும். பிறகு முறை மாறும்.

வாயால் தண்ணீர் பீய்ச்சும்

ஐராவதி டால்பினுக்கு விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. வாயில் தண்ணீரை உறிஞ்சி ஒன்றரை மீட்டர் தூரம் வரை பீய்ச்சி அடிக்கும். மீன் கூட்டத்தை ஓரிடத்தில் ஒடுக்குவதற்காக இப்படிச் செய்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

மீனவரோடு கூட்டுத் தொழில்

மியான்மரின் ஐராவதி ஆற்றில் இந்த டால்பின்கள் மனிதரோடு சேர்ந்து மீன்பிடிக்கின்றன. வீச்சு வலைக்காரர் படகின் விளிம்பை மரக்கட்டையால் தட்டிக் கூப்பிடுவார். டால்பின்கள் மீன் கூட்டத்தைப் படகை நோக்கி ஓட்டிவரும், வாலை அசைத்துக் குறிப்பும் தரும். வலை விழும். வலையால் கலைந்து சிதறும் மீன்கள் டால்பின்களின் பங்கு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஆய்வுக்குப் போன ஜான் ஆண்டர்சன், ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு டால்பினைக் காவலாகச் சொல்லிக்கொண்டதையும், 'எங்கள் டால்பின் அடுத்த ஊர்க்காரன் வலைக்கு மீனை ஓட்டிவிட்டது, எங்களுக்குப் பங்கு வேண்டும்' என்று உள்ளூர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதையும் குறித்து வைத்திருக்கிறார். கூட்டு மீன்பிடி நடக்கும் ஆற்றுப் பகுதியை 2005ல் மியான்மர் அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

உலகத்தில் எங்கெல்லாம்?

பெரும் எண்ணிக்கையில் இருப்பது வங்கதேசக் கரையோரத்தில். 2009ல் வெளியான கணக்கெடுப்பு அங்கே ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டது. ஐராவதி, மீகாங், இந்தோனேசியாவின் மகாகம் ஆகிய மூன்று ஆறுகளில் கொஞ்சம் கொஞ்சம். மீகாங்கில் லாவோஸ் எல்லைக்குள் வாழ்ந்த கூட்டம் 2022ல் அற்றுப்போனது. ஏரிகளில் வாழும் கூட்டங்களில் தாய்லாந்தின் சோங்க்லா ஏரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. சிலிகாவில் அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகள் சுமார் 150 என்று சொல்கின்றன.

நூற்றைம்பதுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிகூட நிறையாத எண்ணிக்கை. அவற்றைப் பார்க்க ஒவ்வொரு பண்டிகை விடுமுறையிலும் படகுகள் வரிசைகட்டி நிற்கின்றன.

இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள்

ஆழமில்லாத ஏரி என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஆழ்கடலில் படகு துரத்தினால் டால்பின் கீழே இறங்கிவிடும். இங்கே இறங்குவதற்குக் கீழே இடமில்லை. பக்கவாட்டில்தான் தப்ப வேண்டும். நான்கு பக்கமும் படகு சூழ்ந்தால் அதுவும் முடியாது. சுழலும் விசிறி முதுகைக் கிழித்துவிடும் ஆபத்து ஒருபுறம், இன்ஜின் இரைச்சலில் எதிரொலி கேட்காமல் இரை தேட முடியாமல் போவது மறுபுறம்.

தவறு படகுக்காரர்களுடையது மட்டுமல்ல. "இன்னும் கிட்டப் போங்க, நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறோம்" என்று சொல்கிறவர்கள் பயணிகள்தான். நாங்கள் போன அன்று ஒரே டால்பினை மூன்று பக்கத்திலிருந்தும் படகுகள் நெருக்கின. எங்கள் படகுக்காரரிடம், "பாயினா, தூரத்திலேயே நிறுத்துங்கள், இன்ஜின் வேண்டாம்" என்று சொன்னோம். ஒடியாவில் அண்ணனைப் பாயினா என்பார்கள். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறக்க முடியாது. பயணிகள் கேட்டதை அவர் விரும்பாமல்தான் இத்தனை நாள் செய்துகொண்டிருந்திருக்கிறார். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஓடும் திசைக்குக் குறுக்கே போகாதீர்கள். கத்தாதீர்கள். தின்பண்டம் வீசாதீர்கள். கேட்டுக்கொண்டபடி தள்ளி நிறுத்திய படகுக்காரருக்கு இறங்கும்போது கூடுதலாகக் கொடுங்கள். நெருங்கிப் போவதற்குக் கிடைக்கும் காசைவிட ஒதுங்கி நிற்பதற்குக் கிடைக்கும் காசு அதிகமானால், பழக்கம் தானே மாறும்.

மெரினாவும் இந்த மணல்திட்டும் உறவுக்காரர்கள்

டால்பின் பார்த்தபின் படகு போகும் இடத்தை எல்லோரும் 'சீ மவுத்' என்கிறார்கள். ஏரியையும் வங்கக்கடலையும் பிரிப்பது ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மணல்மேடு. ராஜஹன்ஸ் என்ற பகுதியில் படகை விட்டு இறங்கினால் முதுகுக்குப் பின்னால் அலையில்லாத ஏரி, மணலைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் இரைகிற கடல்.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? நம் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாக மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை வடக்கே தள்ளி வைக்கிறது. வடகிழக்குக் காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பினாலும் ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். சென்னை மீனவர்கள் தெண்டி என்று சொல்லும் தெற்கு வடக்கு நீரோட்டக் காலத்தில் நடப்பது இதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல்லணை கட்டியதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அணையின் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது. மணல் வராமல் போன ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அதே மணல் ஓட்டம் ஒடிசாக் கரையில் தடையில்லாமல் ஓடி, சில ஆயிரம் ஆண்டுகளாக ஒரு வளைகுடாவின் வாயை அடைத்து, சிலிகா என்ற ஏரியைச் செய்தது.

ஏரிக்கு வாய் வெட்டிய நாள்: செப்டம்பர் 23, 2000

இந்தப் பயணத்தில் நான் தெரிந்துகொண்டதில் மிக முக்கியமானது இதுதான்.

மணல்மேடு ஏரியைச் செய்தது போலவே ஏரியைச் சாகடிக்கவும் செய்யும். மணல் வடக்கே நகர நகர, ஏரி கடலுக்குள் திறக்கும் முகத்துவாரமும் வடக்கே நகர்ந்துகொண்டே போனது. ஒரு காலகட்டத்தில் ஏரித் தண்ணீர் கரைக்கு இணையாக ஒரு நீண்ட, குறுகிய கால்வாயில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்துதான் கடலைத் தொட வேண்டியிருந்தது. கால்வாயும் தூர்ந்துகொண்டே வந்தது. மகாநதியின் கிளைகள் கொண்டுவந்த வண்டல் வெளியேற வழியில்லை. கடல் ஓதம் உள்ளே வர வலுவில்லை. ஏரியில் உப்பு குறைந்தது. உப்பு குறைந்ததும் நன்னீர்க் களைகள் பரவி ஏரியை மூடத் தொடங்கின. ஆண்டுக்கு எட்டாயிரம் டன்னைத் தாண்டியிருந்த மீன்பிடி, தொண்ணூறுகளின் நடுவில் இரண்டாயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது.

சிலிகா 1981லேயே உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி. இந்தியாவிலிருந்து முதன்முதலில் அந்தப் பட்டியலுக்குப் போன இரண்டு நீர்நிலைகளில் ஒன்று இது, மற்றது பரத்பூர். அப்படிப்பட்ட ஏரியை 1993ல் ஆபத்திலுள்ள நீர்நிலைகளுக்கான மான்ட்ரோ பதிவேட்டில் சேர்க்க வேண்டிய நிலை வந்தது.

சிலிகா வளர்ச்சி ஆணையம் புனேயிலுள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு ஆராய்ந்து ஒரு முடிவெடுத்தது. சிப்பகுடா என்ற இடத்தில் மணல்மேட்டைக் குறுக்கே வெட்டிப் புதிய வாய் திறந்தார்கள். தண்ணீர் போக வேண்டிய தூரம் ஒரேயடியாக 18 கிலோமீட்டர் குறைந்தது. ஓதம் மறுபடி உள்ளே ஏறியது. உப்பு திரும்பியது. களை ஒதுங்கியது. 2001-02ல் மீன்பிடி பதினோராயிரம் டன்னைத் தாண்டியது. 2002ல் ஆபத்துப் பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஆசியாவில் அப்படி நீக்கப்பட்ட முதல் நீர்நிலை அது. அதே ஆண்டு ராம்சர் விருதும் கிடைத்தது.

டால்பினையும் மணல்திட்டையும் ஒரே படகுக் கட்டணத்தில் கிடைக்கும் இரண்டு தனித்தனிக் காட்சிகள் என்று நினைத்துத்தான் நாங்களும் ஏறினோம். இரண்டும் ஒன்றேதான். திட்டில் வாய் திறந்திருந்தால் மீன் வரும். மீன் வந்தால் டால்பின் இருக்கும்.

யார் யாருக்கு அந்த வாய் வேண்டும்?

மடவை மீன் ஏரியில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். கொடுவாயும் அப்படித்தான். வளர்ந்த சேற்று நண்டு கடலுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும், நுண்குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே வரும். இறால் கடலில் பிறந்து ஏரியில் கொழுத்து மறுபடி கடலுக்குப் போகும். சந்தையில் விலைபோகும் மீன்களில் பெரும்பாலானவை வாழ்க்கையில் ஒரு முறையாவது அந்த வாயைக் கடந்தாக வேண்டும்.

புயலும் வாய் திறக்கும்

2013ல் பைலின், 2019ல் ஃபனி. இரண்டு புயல்களும் மணல்மேட்டை உடைத்துப் புதிய வாய்களைத் திறந்துவிட்டன. பிறகு மணல் மெல்ல அவற்றை மூடும். ஆகவே போன ஆண்டு போய்வந்த நண்பர் சொன்ன இடத்தில் இந்த ஆண்டு முகத்துவாரம் இல்லாமல் போகலாம். பழவேற்காடு மீனவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் முகத்துவாரமும் அடிக்கடி தூர்ந்து அவர்களைத் தவிக்கவிடுகிறது.

சிலிகாவைக் காத்த நாகைப் பெரியவர்

இறால் பண்ணைகளுக்காக ஏரிக் கரைகளை வளைத்துக்கொண்டிருந்த காலத்தில், உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் நாகை மாவட்டத்தில் நிலமற்றவர்களுக்காகப் போராடிய காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11ல் வந்த தீர்ப்பு, கடலோரம் முழுவதற்குமான கட்டுப்பாடுகளோடு, சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலும் அவற்றைச் சுற்றி 1,000 மீட்டருக்குள்ளும் பாரம்பரிய முறை தவிர்த்த இறால் பண்ணைகள் கூடாது என்றது. தஞ்சைச் சமவெளியின் நெல்வயல்களுக்காகத் தொடங்கிய வழக்கு ஒடிசாவின் டால்பின்களுக்கும் நிழல் தந்தது. ஆனால் தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஏரிக்குள் வலையும் மூங்கிலும் கட்டி அடைத்த சட்டவிரோதப் பண்ணைகளை எதிர்த்துச் சிலிகா மீனவர்கள் போராடினார்கள். 1999 மே மாதம் சோரனா கிராமத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். இன்று நாம் படகில் அமர்ந்து ரசிக்கும் திறந்த ஏரிக்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

திட்டில் இறங்கியதும்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நண்பகலில் வேண்டாம், மணல் சுடும். நிழல் என்று சொல்ல ஓலைக் கொட்டகைகள்தான். குடிதண்ணீர் கொண்டுபோவது நல்லது.

முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். ஓதம் வடியும் நேரத்தில் அத்தனை பெரிய ஏரியின் தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாய்கிறது. மேலே அமைதியாகத் தெரியும், கால் வைத்தால் இழுக்கும்.

சிப்பியை உங்கள் கண் முன்னால் உடைத்து முத்து எடுத்துக் காட்டி விலை பேசுகிறவர்கள் வருவார்கள். வாங்காதீர்கள். இயற்கை முத்து அப்படிக் கேட்ட சிப்பியில் எல்லாம் கிடைப்பதில்லை.

கண்ணைக் கொம்பில் வைத்த சிவப்பு நண்டு

தூரத்தில் மணலில் சிவப்புப் புள்ளிகள். கிட்டே போனால் ஒன்றும் இல்லை, குழிகள்தான். கண்கள் காம்பின் நுனியில் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும், காலடி அதிர்வையும் உணர்ந்து வளைக்குள் பாய்ந்துவிடும். பார்க்க ஒரே வழி, ஒரு வளைக்குச் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருவது. சில நிமிடங்களில் முதலில் இரண்டு கண்கள் மட்டும் எழும். சுற்றிப் பார்க்கும். பிறகு ஒரு பக்கக் கால்கள், பிறகு முழு உடம்பு. வளைக்குள்ளிருந்து ஒரு கவளம் ஈர மணலைக் கட்டிக்கொண்டு வந்து வெளியே தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போகும். வண்டியில் துரத்தி இவற்றைப் படம் பிடிக்கிற கடற்கரைகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஆமைகளின் அயல்வீடு

சிலிகாவுக்குத் தெற்கே, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரத்தில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறி முட்டையிடும். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். மணலின் சூட்டைப் பொறுத்து குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். சூடு கூடினால் பெண்.

ரக்தபாகுவின் கோபம்

ஏரி பிறந்த கதையை ஒடிசா மக்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். ரக்தபாகு என்ற கடற்கொள்ளை அரசன் புரியைச் சூறையாடக் கப்பல்களோடு வந்து, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நங்கூரமிட்டு மறைந்திருந்தான். கப்பல்களிலிருந்து கொட்டிய குப்பை கரை ஒதுங்க, மக்கள் உஷாராகி ஊரைக் காலி செய்துவிட்டார்கள். காட்டிக்கொடுத்தது கடல்தான் என்று கடல் மீதே படை எடுத்தான். கடல் பின்வாங்கி அவன் படையை உள்ளே விட்டு, திரும்பிப் பொங்கி மூழ்கடித்தது. அப்படித் தேங்கிய தண்ணீர்தான் சிலிகா.

தயிர் விற்ற மாணிகா, காஞ்சிபுரத்துப் பத்மாவதி

ஏரிக் கால்வாய் ஓரத்தில் மாணிகபட்டணம் என்ற ஊர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சியின் மீது படையெடுத்துப் போனபோது, அவருக்கு முன்னே கறுப்பு, வெள்ளைக் குதிரைகளில் ஜகந்நாதரும் பலபத்திரரும் வீரர்களாகப் போனார்களாம். தாகத்துக்கு மாணிகா என்ற ஆயர்குலப் பெண்ணிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, 'பின்னால் வரும் ராஜாவிடம் காசு வாங்கிக்கொள்' என்று மோதிரத்தைக் கொடுத்தார்கள். மோதிரத்தைப் பார்த்த மன்னர் யார் தனக்கு முன்னே போகிறார்கள் என்று புரிந்துகொண்டார். வென்று காஞ்சி இளவரசி பத்மாவதியை மணந்தார். ஒடிசாவின் பட்டச் சித்திரங்களில் இரண்டு குதிரை வீரர்களும் தயிர்ப்பானைப் பெண்ணும் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கதையால்தான்.

இதே மாணிகபட்டணத்தில் அகழ்ந்தபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளும் சீனப் பீங்கானும் இலங்கை மன்னர் சகஸ்ரமல்லரின் செப்புக்காசும் கிடைத்தன. முகத்துவாரம் அகலமாக இருந்த காலத்தில் கப்பல்கள் உள்ளே வந்து நின்ற துறைமுகம் அது.

பசிக்கு

சாத்தபடாவில் கரை ஏறியதும் கடைகளில் இறாலும் நண்டும் மடவையும் மசாலா தடவி வரிசையாக இருக்கும். எடை போட்டுச் சமைத்துத் தருவார்கள். விலையை முதலிலேயே பேசிவிட்டு, படகில் ஏறும் முன் சொல்லி வைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது சூடாக இருக்கும். கடுகு அரைத்து ஊற்றிய மீன் குழம்பை ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது, எப்படி?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வலசைப் பறவைகளும் அப்போதுதான் லட்சக்கணக்கில் இறங்கியிருக்கும். காற்று எழும் முன், காலையிலேயே படகேறிவிடுங்கள். தண்ணீர் தட்டையாக இருந்தால்தான் முதுகு தெரியும். உயிர்காப்பு உடை கொடுக்காத படகில் ஏறாதீர்கள்.

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் போகும் ரயில்களில் குர்தா ரோடு சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து புரிக்கு மாறிக்கொள்ளலாம். அதே பாதை ரம்பா, பாலுகாவ் வழியாகச் சிலிகாவின் மேற்குக் கரையை ஒட்டியே ஓடுகிறது. போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.